வெப்பத்தைக் கட்டி வைத்த வீடு

(பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நம் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



"கைத்தொழிலின் பெருமை" என்று பேசச் சொல்லி எனக்குக் கட்டளை. பெருமை பேசுவது சுலபம். ஆண்டுதோறும் யாராவது ஒருவர் பேசுகிறோம், கைதட்டுகிறோம், பிறகு வீட்டுக்குப் போய்ப் பையனைப் பார்த்து, "ஒழுங்கா படிக்கலேன்னா தச்சு வேலைக்குத்தான் போவே" என்று திட்டுகிறோம். ஆகவே பெருமையை இன்று ஒருபுறம் வைத்துவிட்டு, ஒரே ஒரு கட்டடத்தைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அந்தக் கட்டடத்தின் பெயர் சவுனா. வேர்ப்பதற்கென்றே கட்டுகிற அறை.

பின்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். "ஏன் சார், நம்ம ஊர்ல வெயில்ல நின்னாலே வேர்த்துக் கொட்டுது. இதுக்கு ஒரு ரூம் வேற கட்டணுமா?" என்று அவர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. நியாயமான கேள்வி. கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வருகிறேன்.

சவுனா என்பது மரப்பலகையால் அடைத்த சிறிய அறை. ஒரு மூலையில் அடுப்பு, அடுப்பின் மேல் குவியலாகக் கற்கள். கற்கள் நன்றாகச் சூடேறியதும் உள்ளே இருக்கும் காற்று 80 முதல் 100 பாகை செல்சியஸ் வரை ஏறிவிடும். மனிதர்கள் படிபடியாக அமைத்த பலகைகளில் உட்கார்ந்து வேர்ப்பார்கள். அவ்வப்போது ஓர் அகப்பைத் தண்ணீரைக் கற்களின் மேல் ஊற்றுவார்கள். 'சுர்' என்று ஆவி எழும்பி உடம்பைச் சுற்றிக்கொள்ளும். போதும் என்று தோன்றியதும் வெளியே போய்ப் பக்கத்து ஏரியில் குதிப்பார்கள். ஏரி உறைந்து கிடந்தால் பனிக்கட்டியில் துளை போட்டு அதற்குள் இறங்குவார்கள்.

மாணவர்களே, 100 பாகையில் தண்ணீர் கொதிக்கும் என்று அறிவியல் பாடத்தில் படித்தோம். அப்படியானால் உள்ளே இருக்கும் மனிதன் ஏன் வெந்துபோவதில்லை? கொதிக்கும் தண்ணீரில் விரலை வைத்தால் அந்த நொடியே கொப்புளம். ரொட்டி சுடுகிற சூடான அடுப்புக்குள் ஒரு நொடி கையை நீட்டி எடுத்தால் ஒன்றும் ஆவதில்லை. உலர்ந்த காற்று தண்ணீரைப் போல வெப்பத்தைச் சுமந்து வந்து உடம்பில் இறக்குவதில்லை. அதோடு வேர்வை காய்ந்துகொண்டே இருப்பதால் தோல் குளிர்கிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் வேர்வை காய வழியில்லை, வழிந்துகொண்டே இருக்கிறது. 33 பாகையில் நாம் தவிப்பதும் 80 பாகையில் அவர்கள் சுகமாக உட்கார்ந்திருப்பதும் இதனால்தான்.

இது பின்லாந்து நாட்டுக்காரர்களின் பழக்கம். அங்கே மக்கள்தொகை ஏறக்குறைய 5.5 மில்லியன், சவுனாக்கள் 3 மில்லியன் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். ஆளுக்குப் பாதி சவுனா! தம்பெரே நகரில் 1906-ஆம் ஆண்டு திறந்த பொதுச் சவுனா ஒன்று இன்றும் நடக்கிறது. 1960-இல் அந்நாட்டு அதிபர் உர்ஹோ கெக்கொனன் தம் அறுபதாவது பிறந்தநாளுக்கு வந்த சோவியத் தலைவர் குருஷேவைச் சவுனாவுக்குள் அழைத்துப் போய்விட்டார். உலகமே நடுங்கிய மனிதர், துண்டோடு உட்கார்ந்து வேர்த்திருக்கிறார். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் பின்லாந்தின் சவுனாப் பண்பாட்டை மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் இது ஆரம்பத்தில் அதிபர்களின் பொழுதுபோக்காக இருந்ததில்லை. காட்டை வெட்டிக் குடியேறிய ஏழை உழவன் முதலில் கட்டியது சவுனாவைத்தான். பெரிய வீடு எழும்பும்வரை குடும்பம் அதிலேயே படுத்துக்கொள்ளும். இறைச்சியைப் புகையில் பதப்படுத்துவதும், முளைவிட்ட தானியத்தை உலர்த்துவதும் அதற்குள்தான். பெண்கள் பிள்ளை பெற்றதும் அங்கேதான். காரணம், பண்ணையிலேயே வெதுவெதுப்பாகவும் சுத்தமாகவும் இருந்த இடம் அது. சுடுதண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இறந்தவர்களைக் கழுவியதும் அங்கே. ஆக, மனிதன் வந்த வாசலும் போன வாசலும் அதுவாக இருந்திருக்கிறது.

ஒரு சின்னச் செய்தி, தமிழாசிரியன் என்ற முறையில் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கற்களிலிருந்து எழும் அந்த நீராவிக்கு அவர்கள் மொழியில் 'லோய்லு' என்று பெயர். பழங்காலத்தில் அந்தச் சொல்லுக்கு உயிர், ஆன்மா என்ற பொருளும் இருந்ததாம். நாம் என்ன சொல்கிறோம்? கொதிக்கும் தண்ணீரிலிருந்து வருவதும் 'ஆவி', உடலை விட்டுப் பிரிவதும் 'ஆவி'. எங்கோ இருக்கும் பனிநாட்டுக்காரனும் நாமும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறோம், பாருங்கள்.

இனி கட்டடத்துக்கு வருவோம். மிகப் பழைய சவுனாவுக்குப் புகைச் சவுனா என்று பெயர். அதற்குப் புகைபோக்கியே கிடையாது. கல்லடுக்கின் கீழே பல மணி நேரம் விறகை எரிப்பார்கள். புகை அறைக்குள்ளேயே சுற்றும். சுவரெல்லாம் கரி படியும். பிறகு நெருப்பை அணையவிட்டு, மேலே உள்ள துவாரத்தைத் திறந்து புகையை வெளியேற்றிவிட்டுத்தான் ஆள் உள்ளே போவான். நெருப்பு இருக்காது, கற்களில் தங்கிய வெப்பம் மட்டும் மணிக்கணக்கில் நிற்கும்.

இதைப் படித்தபோது எனக்கு நம் தோட்டத்து ஸ்மோக்கவுஸ் கண்முன் வந்து நின்றது. ஆம் பெரியோர்களே, நம்மிடமே இருந்த கட்டடம்தான் இது!

இன்றைய பிள்ளைகளுக்குச் செம்பனை மட்டுமே தெரியும் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ரப்பர்ப் பாலைத் தொட்டியில் ஊற்றி, பார்மிக் அமிலம் கலந்து உறைய வைப்பார்கள். உறைந்த பாலை உருளைகளுக்கிடையே கொடுத்து நசுக்கி, கடைசியில் வரிவரியாகக் கோடு விழுகிற உருளையில் விட்டு மெல்லிய தகடாக எடுப்பார்கள். கோடு எதற்கு? அழகுக்கு இல்லை. தகடு ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கவும், காற்றுப்படும் பரப்பு கூடி விரைவில் காயவும். தண்ணீர் வடிந்த தகடுகளைக் கம்புகளில் தொங்கவிட்டு ஸ்மோக்கவுஸுக்குள் ஏற்றுவார்கள். உள்ளே ஏறக்குறைய நான்கு நாள். வெப்பம் 45 பாகையில் தொடங்கி மெல்ல மெல்ல 60 பாகைவரை போகும். வெள்ளையாக உள்ளே போன தகடு தேன் நிறத்தில் வெளியே வரும்.

என் பெரியப்பா அந்த வேலையில்தான் பல ஆண்டுகள் இருந்தார். சவுனா கட்டும் முறையைப் படித்துவிட்டு அவரிடம் போய் ஒவ்வொன்றாகக் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கு வியப்பாகிவிட்டது.

சவுனா கட்டுபவன் முதலில் கவலைப்படுவது ஈரத்தைப் பற்றி. வெப்பம் உள்ளே நிற்கவேண்டும், ஈரம் வெளியேற வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதம். அதனால் அடுப்புப் பக்கத்தில் புதுக்காற்று நுழைய ஒரு வழி, எதிர்ப்பக்கத்தில் பழைய காற்று போக ஒரு வழி, கூரையை ஒட்டி மூடித் திறக்கும் துவாரம் ஒன்று வைப்பார்கள். குளிக்கும்போது மேல் துவாரம் மூடியிருக்கும். எல்லாரும் வெளியே வந்தபிறகு திறந்துவிட்டு அறையைக் காயவைப்பார்கள். காயவைக்காத சவுனா சில ஆண்டுகளிலேயே உளுத்துப்போகும். பெரியப்பா சொன்னார்: "அதேதாம்ப்பா. மொத நாளு தகட்டுல தண்ணி நெறைய இருக்கும். மேல ஜன்னலைத் தொறந்து வெச்சுத்தான் நெருப்பு போடணும். மொத நாளே மூடிப்புட்டு சூட்டை ஏத்தினா தகட்டுக்குள்ள கொப்புளம் வந்துடும். ரெண்டாம் நாளுக்கு மேலதான் கொஞ்சங் கொஞ்சமா மூடணும்."

அடுத்தது நெருப்பு. சவுனாவில் மரச்சுவருக்கும் அடுப்புக்கும் இடையே குறிப்பிட்ட தூரம் விட்டே ஆகவேண்டும். அடுப்பு செய்தவர்கள் அந்த அளவை எழுதியே கொடுப்பார்கள். இடமில்லையென்று ஒரு சாண் குறைத்தவன் வீட்டை இழந்த கதைகள் அங்கே நிறைய உண்டு. ஸ்மோக்கவுஸில் ஒரு தகடு கம்பிலிருந்து நழுவி நெருப்பில் விழுந்தால் போதும், மொத்தமும் போய்விடும். அதனால்தான் அடுப்பு வாயை வெளியே வைத்து, உள்ளே வெப்பம் வரும் குழியின் மேல் இரும்புத் தகடு போட்டு மூடினார்கள். இரவில் இரண்டு முறை எழுந்துபோய்ப் பார்ப்பாராம் பெரியப்பா. வெப்பமானி தொங்கும்தான். "அது எதுக்கு? கதவுல பொறங்கையை வெச்சா தெரிஞ்சிடும்" என்றார்.

மரம் மூன்றாவது. சவுனாவின் சுவருக்கு ஊசியிலை மரம் சரி. உட்காரும் பலகைக்கு ஆஸ்பன், ஆல்டர் போன்ற, பிசின் வடியாத, முடிச்சில்லாத மரம்தான் வேண்டும். பிசின் சூட்டில் உருகித் தொடையைச் சுட்டுவிடும். ஆணி, திருகு எதுவும் மேலே தெரியக்கூடாது. பலகையின் அடிப்பக்கத்திலிருந்து முடுக்குவார்கள். காய்ச்சிய இரும்பின்மேல் உட்கார யார் விரும்புவார்? கல்லும் எந்தக் கல்லாவது போதாது. உறுதியான எரிமலைப்பாறை வகைதான் நல்லது. ஆற்றிலிருந்து பொறுக்கிய கூழாங்கல்லில் ஈரம் தங்கியிருந்தால் சூட்டில் வெடித்துச் சிதறும். ஆற்றங்கரையில் கல்லை அடுக்கி நெருப்பு மூட்டும் நம் பையன்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பலகையின் உயரத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. சூடான காற்று மேலே போகும். ஆகவே மேல்படியில் உட்கார்ந்தவனின் பாதம் கற்களின் மட்டத்துக்காவது வரவேண்டும். இல்லையென்றால் தலை வேகும், கால் சில்லென்று இருக்கும். சுவருக்குள்ளே பஞ்சு போன்ற வெப்பக் காப்பு, அதன்மேல் பளபளக்கும் அலுமினியத் தாள், பிறகு சிறிது இடைவெளி, அதன்மேல் பலகை. தாளில் ஓர் ஓட்டை இருந்தாலும் ஈரம் சுவருக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும்.

கதவு விஷயத்தில் மட்டும் ஸ்மோக்கவுஸும் சவுனாவும் பிரிகின்றன. ஸ்மோக்கவுஸ் கதவைக் கொக்கி போட்டு இறுக்குவோம். சவுனாக் கதவுக்குப் பூட்டும் இருக்கக்கூடாது, தாழ்ப்பாளும் இருக்கக்கூடாது, வெளிப்பக்கமாகத் திறக்கவேண்டும். மயக்கம் வந்து சாய்ந்தாலும், சாய்ந்த எடையிலேயே கதவு திறந்துகொள்ள வேண்டும். உள்ளே தொங்குவது ரப்பர்த் தகடில்லையே, மனிதர் அல்லவா!

ஏரிக்கரையில் கட்டுவதானால் இன்னும் யோசனை வேண்டும். வெள்ளம் ஏறும் மட்டத்துக்கு மேலே அடித்தளம். சோப்புத் தண்ணீர் நேராக ஏரிக்குள் போகாமல் மண்ணில் வடிய ஏற்பாடு. வீட்டுக் கொல்லையில் கட்டுவதானால் பக்கத்து வீட்டுக்குப் புகை போகாத திசை பார்க்கவேண்டும். நல்ல தச்சன் அளவு நாடாவை எடுப்பதற்கு முன்னால் கேள்வி கேட்பான். வீட்டில் எத்தனை பேர்? படியேற முடியாத வயதானவர் உண்டா? குழந்தைகள்? மாலை வெயில் எந்தப் பக்கம் விழும்? கடையில் வாங்கி வைக்கிற சவுனாவும் உண்டு. ஆனால் ஒரு குடும்பத்தைப் பார்த்துக் கட்டியது வேறு, பெட்டியில் வந்தது வேறு.

இப்போது அந்தப் பின்வரிசைக் கேள்வி. நமக்கு இது வேண்டுமா? என் கருத்தைக் கேட்டால், தோட்டத்து வீட்டில் வேண்டாம். வேர்வைக்கும் ஆவிக்கும் நமக்கு நம் வழி இருக்கிறது. சளி பிடித்தால் நொச்சி இலை போட்டு வேது பிடிக்கிறோம். பிள்ளை பெற்றவளுக்குப் பாட்டிமார் சுடுதண்ணீர் ஊற்றுகிறார்கள். மலாய்க்காரப் பெண்கள் மூலிகை கொதிக்கும் பானைமேல் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து 'பெர்தாங்காஸ்' செய்கிறார்கள். கேமரன் மலைச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் கோலா வோவில் வெந்நீர் ஊற்று. சுங்காய் பக்கம் போனால் சுங்கை கிளாவில் முட்டையே வெந்துவிடுகிறது. பூமித்தாய் நமக்கு அடுப்பு மூட்டியே வைத்திருக்கிறாள். (வேது பிடிக்கும்போது கொதிக்கும் பானையைச் சிறு பிள்ளைகளின் மடியில், கட்டிலில் வைக்காதீர்கள் தாய்மார்களே. கவிழ்ந்தால் ஆயுள் முழுவதும் தழும்பு.)

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வெப்பம் விளையாட்டுப் பொருளன்று. பின்லாந்தின் ஹெய்னோலா நகரில் யார் அதிக நேரம் சவுனாவுக்குள் தாக்குப்பிடிப்பது என்று உலகப் போட்டியே நடத்தினார்கள். 2010 ஆகஸ்டில் 110 பாகை வெப்பத்தில் நடந்த இறுதிச் சுற்றில் ரஷ்யப் போட்டியாளர் ஒருவர் இறந்தார். உள்நாட்டு வீரர் கடுமையான தீக்காயங்களோடு உயிர் பிழைத்தார். அத்தோடு போட்டி நின்றது. அளவோடு போகிறவர்களுக்கு நன்மை இருக்கலாம் என்று காட்டும் ஆய்வும் உண்டு. 2015-இல் வெளிவந்த ஒன்றில், நடுத்தர வயது ஆண்கள் 2,315 பேரை ஏறக்குறைய 20 ஆண்டுகள் கவனித்து, அடிக்கடி சவுனாவுக்குப் போனவர்களிடையே இதய நோய் மரணம் குறைவு என்று கண்டார்கள். சவுனாவே காரணம் என்று அதைக்கொண்டு முடிவு கட்டிவிட முடியாது. நல்ல உடம்புள்ளவன்தானே அடிக்கடி போவான்? மது குடித்துவிட்டுப் போகக்கூடாது. இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் போகக்கூடாது.

நமக்குத் தேவையில்லாத ஒன்றைப் பற்றி எதற்கு இவ்வளவு நேரம் பேசினேன்?

பின்லாந்திலிருந்து ஏழைகள் பலர் அமெரிக்காவுக்குப் போனார்கள். மின்னசோட்டா, மிச்சிகன் மாநிலங்களில் சுரங்கத்திலும் மரம் வெட்டும் காட்டிலும் கூலிவேலை. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்ததுபோலத்தான். போன இடத்தில் ஏரிக்கரையில் சவுனா கட்டிக்கொண்டார்கள். மின்னசோட்டாவின் கொகேட்டோ என்ற ஊரில் 1868-இல் கட்டிய சவுனாவை இன்றுவரை பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கூலிக்காரன் கட்டிய அந்த மரக்குடிசையை இன்று வசதி படைத்தவர்கள் தங்கள் கொல்லையிலும் ஏரிக்கரையிலும் பெரும் பணம் கொடுத்துக் கட்டச் சொல்கிறார்கள். கட்டத் தெரிந்தவனுக்கு மரியாதை. அந்த அறிவை அவர்கள் கூலிக்காரன் அறிவு என்று தூக்கி எறியவில்லை. தாத்தா பேரனுக்குச் சொன்னார், பேரன் அதைத் தொழிலாக்கிக்கொண்டான்.

நம் கதை என்ன? 1965-இல் தரமிட்ட கட்டி ரப்பர் முறை நம் நாட்டில் வந்தது. தோட்டங்கள் பாலை நேராகப் பெரிய ஆலைகளுக்கு அனுப்பத் தொடங்கின. பிறகு ரப்பரே போய்ச் செம்பனை வந்தது. ஸ்மோக்கவுஸ்கள் ஒவ்வொன்றாக மூடின. தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தே முதல் தரமா மூன்றாம் தரமா என்று சொன்ன கண்கள், புறங்கையால் வெப்பத்தை அளந்த கைகள், நாட்கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டன. காற்று, ஈரம், நெருப்பு, மரம் இவற்றைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததை யாரும் எழுதி வாங்கவில்லை. பெரியப்பாவிடம் நான் கேட்டபோது அவர் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "அதெல்லாம் எதுக்குப்பா, படிச்ச புள்ள நீ. அது கூலி வேலை."

அந்த ஒரு வாக்கியம்தான் என்னை இன்று இங்கே நிற்க வைத்தது.

பெற்றோர்களே, தச்சு வேலைக்கும், மின்சார வேலைக்கும், குளிர்சாதன வேலைக்கும் இன்று மலேசியத் திறன் சான்றிதழ் இருக்கிறது. முதல் மூன்று படிகள் சான்றிதழ், அதற்கு மேல் இரண்டு படிகள் டிப்ளோமா. 2006-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த முறை இது. கைவேலையில் கெட்டிக்காரனான பையனைக் கணக்கில் குறைந்த மதிப்பெண்ணுக்காக மட்டும் அளக்காதீர்கள். அவன் கையில் இருப்பதும் கணக்குத்தான். படிப்பலகையின் உயரத்தைப் பற்றி இப்போது சொன்னேனே, அது கணக்கில்லாமல் வேறென்ன?

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் தோட்டத்துப் பழைய ஸ்மோக்கவுஸின் செங்கல் சுவர் இன்னும் நிற்கிறது. எத்தனை நாள் நிற்கும் என்று சொல்வதற்கில்லை. ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு மாணவர்கள் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடத்துக்காக அதை அளந்து வரைபடம் போடப் போகிறார்கள். பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை, காலை எட்டு மணி. அங்கே வேலை பார்த்த தாத்தாக்கள், தகடு தொங்கவிட்ட பாட்டிகள் யாராயிருந்தாலும் வாருங்கள். அடுப்பு எங்கே இருந்தது, ஜன்னல் எத்தனை, எந்த நாளில் எதை மூடினீர்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நீங்கள் சொல்லுங்கள், அவர்கள் எழுதிக்கொள்வார்கள். பெரியப்பா வருவதாக ஒத்துக்கொண்டுவிட்டார். அளவு நாடாவும் தேநீரும் பள்ளியின் பொறுப்பு. குடை மட்டும் எடுத்து வாருங்கள், அங்கே கூரை இல்லை.